வெட்டுப்புள்ளி குறைந்த இடத்து ஃபுட்போல்

எந்தப் பக்கத்து ஃபுட்போல் பலமானது என்ற கதையை எங்கள் வீட்டில் மூன்று வருடமாகக் கேட்டுக் களைத்துவிட்டேன். இனி யாராவது என் முன்னால் அதை எடுத்தால் எழும்பிப் போய்விடுவேன். ஒருமுறை எழுதிவிட்டால் எனக்காவது அது முடிந்துவிடும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது காலால் உதைக்கிற பந்து இல்லை. தலையில் கம்பி வைத்த தொப்பி, தோளில் பலகை மாதிரி ஒன்று, முட்டை வடிவப் பந்து, அந்த விளையாட்டு. எனக்கு அது அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. என் மகனுக்குப் பிடித்துப்போனது. மொன்றியலில், எங்கள் செயின்ட்-மிஷேல் பக்கத்தில் அவன் படித்த பள்ளிக்கூடத்தில் ஹெயிட்டிப் பிள்ளைகளோடு சேர்ந்து தொடங்கினான். ஆள் உயரம், அதைவிட அகலம். எங்கள் இரண்டு பக்கத்திலும் அப்படி ஒரு உடம்பு இல்லை. அவனை முன்வரிசையில் விட்டார்கள். அந்த வரிசைக்காரன் பந்தைத் தொடுவதே இல்லை. எதிரே நிற்கிறவனைத் தள்ளிப் பிடித்து, பின்னால் பந்து வைத்திருக்கிற தன் ஆளிடம் அவன் போகாமல் மறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. புள்ளி எடுக்கிறதில்லை, பெயர் வருகிறதில்லை. ஒழுங்காகச் செய்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். பிழைவிட்டால் முழு மைதானமும் பார்க்கும். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற என் வேலையும் அப்படித்தான். அதனால் அந்த விளையாட்டில் அது ஒன்றுமட்டும் எனக்கு உடனே விளங்கியது.

மகனுக்கு ஒரு ஆசைதான் இருந்தது. ஏதாவது ஒரு பல்கலைக்கழக அணியில் விளையாட வேண்டும். அது கிடைக்குமா இல்லையா என்பதுதான் முழுக் கதையும். இங்கே பள்ளிக்கூடம் முடிந்ததும் நேரே பல்கலைக்கழகம் போக முடியாது. இடையில் இரண்டு மூன்று வருடம் செஜெப் என்கிற கல்லூரியில் படிக்க வேண்டும். அமெரிக்காவில் ஜூனியர் கொலிஜ் என்கிறார்களே, ஏறக்குறைய அது மாதிரி. பல்கலைக்கழகத்துக்காரர் பிள்ளைகளைப் பொறுக்குவது அங்கேதான்.

அவனை இரண்டு செஜெப் கேட்டன. ஒன்று மொன்றியலில், முதலாம் பிரிவில். மெட்ரோவில் போய்வரலாம். அந்தக் கோச் மறைக்காமல் சொன்னார்: முதல் வருடம் ஆட விடமாட்டோம், ஓரத்து வாங்கில்தான் இருப்பாய், இரண்டாம் வருடமும் இருக்கலாம், எங்களிடம் உன்னைவிடப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். மற்றது கியூபெக் நகரத்தையும் தாண்டி வடக்கே, இரண்டாம் பிரிவில். போன அன்றைக்கே முதல் ஆள்.

அன்றிலிருந்து என் ஹோல் பாராளுமன்றமாகிவிட்டது. இவர், என் கணவர், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வேலையால் வந்து குளித்துவிட்டு, ஒன்ராறியோப் பக்கம் ஸ்காபரோவில் இருக்கிற தம்பிக்கு அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைப்பார்.

"அண்ணை, கியூபெக்கிலை என்ன ஃபுட்போல் கிடக்கு? அமெரிக்காவுக்கு அனுப்புங்கோ. கன்சாஸிலை நாலு பக்கத்தாலையும் பெடியள் வந்து விளையாடுறாங்கள். அங்கை ஒரு வருஷம் நிண்டால் காணும்."

"அங்கை பந்தைப் பத்து யார் முன்னாலை கொண்டுபோக நாலு தரம் குடுக்கிறாங்கள், இஞ்சை மூண்டு தரம்தான். அங்கை எதிராளி மூக்குக்கு முன்னாலை நிப்பான், இஞ்சை ஒரு யார் தள்ளி நிப்பான். இவன் திரும்ப அரிவரியிலை இருந்து பழகவேணும். விசர்க்கதை கதையாதை."

"அப்ப ஒன்ராறியோவுக்கு விடுங்கோ."

"உன்ரை ஒன்ராறியோவிலை செஜெப்பும் இல்லை, ஒண்டும் இல்லை. பள்ளிக்கூடத்தாலை வந்த பிள்ளை நேரை போய் தாடி வளர்ந்தவங்களோடை இடிபடுறான்."

"அதாலைதான் எங்கடை பெடியள் பலம்."

"பலமெண்டால் ஏன்ராப்பா எங்கடை ஆக்களிட்டை வந்து அடி வாங்குறியள்?"

எங்கடை ஆக்கள். இரண்டு பேரும் வாழ்நாளில் அந்தப் பந்தைக் கையால் தொட்டதில்லை.

"அண்ணி என்ன சொல்லுறா?" என்று போன் கேட்கும்.

"அண்ணி நாளைக்கு வெள்ளன வேலைக்குப் போறா எண்டு சொல்லுறா" என்று குசினியிலிருந்து கத்துவேன்.

அவர்கள் பலம் பார்க்கிற விதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். இவன் அவனுக்கு அடித்தான், அவன் போன வருடம் உவனுக்கு அடித்தான், ஆகவே இவன் உவனைவிடப் பலம். கலிபோர்னியாக்காரன் மிசிசிப்பிக்காரனோடு விளையாடுவதில்லை. கன்சாஸ்காரன் கியூபெக்காரனைக் கண்ணால் கண்டதில்லை. ஒருவரோடு ஒருவர் மோதாதவர்களில் யார் பலம் என்று எப்படிச் சொல்வது? வாயால்தான் சொல்லலாம். வாய் எங்கள் ஆட்களுக்கு எப்போதும் பலம்.

ஒருநாள் தம்பிக்காரர் எங்கேயோ வாசித்துவிட்டுச் சொன்னார், மிசிசிப்பியில் ஒவ்வொரு கல்லூரியும் தன் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம் கொடுக்குமாம் என்று. மாவட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் இவர் கதிரையை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அப்போதே தெரியும் இது எங்கே போய் நிற்கும் என்று.

எங்கள் ஊரில் பல்கலைக்கழகம் போவது மாவட்டக் கணக்கில். இடம் கிடைக்க ஆகக் குறைந்தது எடுக்க வேண்டிய வெட்டுப்புள்ளி யாழ்ப்பாணத்துக்குக் கூட. வவுனியாவுக்குக் குறைவு. அதனால் கொஞ்சம் விவரமான தாய் தகப்பன் பிள்ளையை முன்கூட்டியே வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டு, அங்கே படிக்க வைத்து, அங்கிருந்து சோதினை எடுக்க வைப்பார்கள். இவருடைய வகுப்பில் இவரைவிடக் குறையப் புள்ளி எடுக்கிற ஒருவன் அப்படிப் போனான். சோதினையிலும் இவரைவிடக் குறைவாகத்தான் எடுத்தான். அவன் இன்றைக்கு எஞ்சினியர், அவுஸ்திரேலியாவில் பெரிய வீடு. இவர் யாழ்ப்பாணத்திலேயே இருந்து எடுத்தார், கொஞ்சப் புள்ளியால் போய்விட்டது. இதை எனக்குக் கல்யாணம் முடிந்த கிழமையே சொன்னார். பிறகும் சொன்னார். இந்த முப்பது வருடத்தில் அவர் அதைச் சொல்லாத தைப்பொங்கல் இல்லை.

"வடக்கை போகட்டும்" என்றார். "அங்கை வெட்டுப்புள்ளி குறைவு. மொன்றியலிலை இருந்தால் இவனுக்கு முன்னாலை எத்தினை பேர். அங்கை இவன்தான் ராசா."

"இது சோதினை இல்லையப்பா" என்றேன்.

"எல்லாம் சோதினைதான்."

மகனை ஒருவரும் வடிவாகக் கேட்கவில்லை. நான் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவன் தோளைத் தூக்கினான். "எனக்கு விளையாடவேணும் அம்மா. வாங்கிலை இருக்க விருப்பமில்லை." பதினேழு வயதுப் பிள்ளை வேறு என்ன சொல்வான்? அவனோடு சின்ன வயதிலிருந்து விளையாடிய ஹெயிட்டிப் பெடியன் ஒருவன், எங்கள் வீட்டில் புட்டும் கோழிக்கறியும் தின்று வளர்ந்தவன், அவனையும் அந்த மொன்றியல் கல்லூரி கேட்டிருந்தது. அவனுக்கும் வாங்குதான் என்று சொன்னார்கள். அவன் ஓம் என்று போய்விட்டான். அவன் நிற்பது வரிசையின் மற்றப் பக்கத்தில். மறிக்கிறவர்களை உடைத்துக்கொண்டு போகிற வேலை.

என் மகன் வடக்கே போனான். தமிழ்க்கடை இல்லாத ஊர். மாதம் ஒருமுறை அரிசியும் மிளகாய்த்தூளும் காரில் ஏற்றிக்கொண்டு போவோம். இலையுதிர்காலத்தில் போட்டிக்காகவே போவோம். அலுமினிய வாங்கில் குளிர் முதுகெலும்புவரை ஏறும். பெற்றோர் எல்லாரும் மாட்டுமணி கொண்டுவந்து ஆட்டுவார்கள். என் காது இரண்டு நாளைக்கு இரையும். ஒரு கியூபெக்காரத் தாய் என்னிடம் ஹொட்டோக் ஒன்றை நீட்டினாள். உள்ளே மாடோ என்று இவரைக் கேட்டேன்.

"கேக்காதை, சாப்பிடு" என்றார். அவர் இரண்டாவதில் நின்றார்.

நான் சாப்பிடவில்லை. பதிலுக்கு நான் உறைப்பாகப் பொரித்துக் கொண்டுபோன மீன் ரோல்ஸ் ஒன்றைக் கொடுத்தேன். அவளுக்குக் கண்ணால் மூக்கால் எல்லாம் ஓடியது. அடுத்த முறை அவளே வந்து கேட்டாள்.

மைதானத்தில் என் மகன் ராசாதான். எதிரே நின்ற பிள்ளைகள் பாவம், சின்னதுகள். அவன் கையை வைத்தால் அதுகள் பின்னால் போய்ச் சேரும். இவர் எழும்பி நின்று போனில் படம் பிடிப்பார். "பார், பார், வண்டில் தள்ளுற மாதிரித் தள்ளுறான்." நானும் பார்த்தேன். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. பாதி ஆட்டத்துக்குப் பிறகு அவனுக்கு வியர்வையே இல்லை. இடைவேளையில் தண்ணி குடிக்கவும் போகாமல் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டு அடுக்குகிற இடத்தில் வேலை தெரிந்தவர்கள் பெல்ட் மெதுவாக ஓடுகிற நாளில் அப்படித்தான் நிற்பார்கள்.

திரும்பி வரும் வழியில் காரில் சொன்னேன். "அவனுக்கு அங்கை அலுத்துப்போச்சு."

"வெல்லுறது அலுக்குமோ?" என்றார் இவர்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில், ஓகஸ்ட் கடைசியில், பருவம் தொடங்குமுன் ஒரு பயிற்சிப் போட்டி வைத்தார்கள். வடக்குக் கோச் தானாகக் கேட்டு எடுத்த போட்டி. எதிரணி அந்த மொன்றியல் கல்லூரி. இரண்டு பிரிவும் பருவத்தில் சந்திப்பதில்லை, அதனால் இது கணக்கில் வராத ஆட்டம். எங்கள் வீட்டில் கணக்கில் வந்தது.

போட்டிக்கு முதல்நாள் இவர் வழக்கம்போல ஸ்பீக்கரில் மகனுக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் வெண்டைக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, முழங்கால் நோகுதெண்டு சொல்லன்."

"நோகேல்லையே அப்பா."

"நோகாட்டிலும் சொல்லு. இது கணக்கிலை வராத மட்ச். அவங்கள் முதலாம் பிரிவு. நீ விழுந்தால் அது வீடியோவிலை கிடக்கும். இதுவரைக்கும் உன்ரை வீடியோவிலை ஒரு கறை இல்லை. ஏன் சும்மா போய்ப் பூசிக்கொள்ளுவான்?"

"ம்..." என்று இழுத்தான். பிள்ளை யோசிக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் யோசித்ததுதான் எனக்குக் கோபம் வந்த இடம். இந்த மனுஷன் ஒரு வருடத்தில் அந்தப் பிள்ளையைப் பயப்படப் பழக்கிவிட்டார். கத்தியை வைத்துவிட்டுப் போனைப் பறித்தேன்.

"விளையாடு" என்றேன்.

"அம்மா..."

"விழுந்தால் எழும்பு. போனை வை."

இவர் என்னைப் பார்த்தார். "உமக்கு ஃபுட்போலைப் பற்றி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. நீங்கள் யாழ்ப்பாணத்திலை சோதினைக்குப் பயந்தனீங்களோ? இல்லைத்தானே. போய் எடுத்தனீங்கள். கிடைக்கேல்லை. அவனும் எடுக்கட்டும். முழங்கால் நோகுது எண்டு சொல்லி உங்களை வீட்டிலை வைச்சிருந்தால், இண்டைக்கு அந்தக் கொஞ்சப் புள்ளிக் கதையும் உங்களுக்கு இல்லை."

அவர் வெண்டைக்காயைத் தானே எடுத்து வெட்டினார். பெரிய பெரிய துண்டாக.

அடுத்தநாள் மைதானத்தில் என் மகனுக்கு எதிரே வந்து குனிந்தது அந்த ஹெயிட்டிப் பெடியன். ஒரு வருடத்துக்குள் அவன் வேறு ஆளாக இருந்தான். கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வாங்கில் இருக்கிறவன் சும்மா இருப்பதில்லை, ஒவ்வொரு நாளும் பயிற்சியில் தன்னைவிடப் பெரியவர்களிடம் இடிபடுகிறான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் தரமே அவன் என் மகனைச் சுற்றிக்கொண்டு போய்ப் பந்து வைத்திருந்தவனை நிலத்தில் கிடத்தினான். அடுத்த தரம் உள்பக்கமாகப் போனான். அதற்கடுத்த தரம் சுற்றவே இல்லை, நேரே நெஞ்சில் கொடுத்தான், என் மகன் மல்லாக்க விழுந்தான். இவர் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். நான் கண்ணை மூடவில்லை. மூடத்தான் நினைத்தேன்.

இரண்டாம் பாதியில் பிள்ளை பாய்ந்து போய்ப் பிடிக்கிறதை விட்டான். காலைக் கொஞ்சம் பின்னால் வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, அவன் வரட்டும் என்று நின்றான். சில தரம் அவன் வந்து அங்கேயே நின்றான். சில தரம் உடைத்துக்கொண்டு போனான். எத்தனை எத்தனை என்று நான் எண்ணவில்லை. என் பிள்ளையின் சட்டை முழுக்க நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. அது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆட்டம் முடிந்து இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஹெயிட்டிப் பெடியன் அவன் தலையில் தட்டி, "எங்கே ஒளிந்திருந்தாய்?" என்றான் பிரெஞ்சில். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஆன்ரி, ரோல்ஸ் இல்லையா?"

"என்ரை பிள்ளையை விழுத்திப்போட்டு ரோல்ஸ் கேக்கிறியோ?" என்று தமிழில் பேசினேன். அவனுக்கு விளங்கியிருக்கும். கையை நீட்டிக்கொண்டே நின்றான். கொடுத்தேன்.

பருவம் வந்தது. வடக்கே திரும்பவும் வெற்றி, திரும்பவும் மாட்டுமணி. தம்பிக்காரரின் மகன் நல்ல துண்டுகளை எல்லாம் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு ஒரு வீடியோ செய்து கொடுத்தான். இவர் அதைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப வைத்தார். ஓகஸ்ட் ஆட்டம் அதில் இல்லை. பதில் ஒன்றும் வரவில்லை. பனி விழத் தொடங்கியும் வரவில்லை. மகன் விடுமுறைக்கு வந்து அறைக்குள்ளேயே கிடந்தான். சாப்பாட்டைக் குறைத்துவிட்டான். அவன் சோற்றுக் கோப்பையில் மிச்சம் வைத்தது அந்த மாதத்தில்தான்.

பிறகு ஒரு கோச் வருகிறேன் என்றார். கியூபெக்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகம். வீட்டுக்கு வந்து தாய் தகப்பனோடு கதைப்பது அவர்கள் வழக்கம். பெரிய வயிறு, மெல்லிய குரல். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்ததால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நான் ரோல்ஸும் தேத்தண்ணியும் வைத்தேன். இவர் டிவியில் வீடியோவைப் போட்டார். பாட்டோடு.

கோச் கொஞ்சம் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கையைத் தூக்கினார்.

"நன்றாகத் தள்ளுகிறான். ஆனால் எதிரே நிற்கிறவர்கள் தள்ளுப்படவே வந்த மாதிரி இருக்கிறது. இதை வைத்து எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இவனைவிடப் பலமான ஆளோடு விளையாடிய ஆட்டம் ஏதும் இல்லையா?"

"இல்லை" என்றார் இவர். உடனே சொன்னார்.

நான் மகனைப் பார்த்தேன். அவன் தகப்பனைப் பார்க்கவில்லை. பொக்கற்றிலிருந்து போனை எடுத்துத் தட்டி, கோச்சின் கையில் கொடுத்தான். அந்த ஹெயிட்டிப் பெடியனின் அம்மா ஓகஸ்ட் ஆட்டத்தில் மற்றப் பக்கத்திலிருந்து எடுத்தது. ஆடிக்கொண்டே இருக்கிற படம்.

கோச் சுவரோடு சாய்ந்திருந்தவர் முன்னால் வந்தார். முழுவதும் பார்த்தார். பின்னால் தள்ளித் திரும்பவும் பார்த்தார். பார்த்துக்கொண்டே ரோல்ஸ் சாப்பிட்டார்.

"இங்கே விழுகிறான். திரும்பவும் விழுகிறான். இங்கே காலை மாற்றிவிட்டான். யார் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை" என்றான் மகன். "வேற வழி இல்லை."

கோச் போனைத் திருப்பிக் கொடுத்தார். இந்த ஒன்றைத்தவிர வேறு ஒன்றையும் தான் கணக்கில் எடுக்கவில்லை என்றார். அணியில் ஒரு இடம் தருகிறேன், ஆனால் பொய் சொல்ல மாட்டேன், வாங்கில்தான் இருப்பாய், எவ்வளவு காலம் என்று கேட்காதே, நீ இரண்டு வருடம் பழகியிருக்க வேண்டியதை அங்கே வந்துதான் பழக வேண்டும் என்றார்.

இவருக்கு வாய் திறந்தபடி நின்றது. "இதைத்தானே அந்த மொன்றியல்காரனும் முதலே சொன்னவன்" என்று என்னிடம் தமிழில் சொன்னார்.

"ஓம்" என்றேன்.

மகன் உடனே ஓம் என்றான். கோச் முடிக்கவும் இல்லை, அவன் சொல்லிவிட்டான். பிறகு குசினிக்குப் போய் மத்தியானச் சோற்றைக் குளிராகவே எடுத்து நின்றபடி சாப்பிட்டான். கோச் போகும்போது மிச்ச ரோல்ஸைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். வாசலில் சப்பாத்தை மாட்ட அவருக்கு வயிறு விடவில்லை, இவர்தான் குனிந்து உதவினார்.

கதவைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்தேன். நானும் நம்பினேன், இனி முடிந்தது என்று. இவர் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, என்னவாம்?"

"எடுத்திட்டான். ஆனால் வாங்காம்." கொஞ்சம் இழுத்தார். "எனக்கொரு யோசினை. அட்லாண்டிக் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் இருக்கல்லோ. அந்தப் பிரிவு இதைவிடக் கொஞ்சம் லேசாம்..."

குசினியிலிருந்து மகன் வாயில் சோற்றோடு கத்தினான். "அப்பா! போனை வையுங்கோ!"

அவர் வைத்தார். என் மகன் தகப்பனிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தரம். நான் கண்டிக்கவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இனி வருகிற இலையுதிர்காலங்களிலும் அவன் கீழே ஒரு வாங்கில் இருப்பான், நான் மேலே குளிரில் இன்னொரு வாங்கில் இருப்பேன், அவன் எழும்புகிற ஒரு ஆட்டத்துக்காக. காலுக்குப் போட ஒரு சோடி நல்ல தடித்த கம்பளி மேஸ் வாங்க வேண்டும்.